நரம்புக்கலங்கள் எப்படிக் கதைக்கின்றன? நீங்கள் கேட்டவை

கேள்வி (கோப்பாய், உயர்தர மாணவி): சேர், நரம்பில் ஓடுவதும் வயரில் ஓடுகிற கரண்டும் ஒன்றா?

இல்லை பிள்ளை. வயரில் இலத்திரன், நரம்பில் அயன், அதாவது மின்னேற்றம் உள்ள அணு. சும்மா இருக்கும் கலத்தின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் மறையாக (−) இருக்கும். தூண்டல் வந்ததும் மென்சவ்வில் சோடியம் வாயில்கள் திறந்து சோடியம் உள்ளே பாய, அந்த இடம் நேராக (+) மாறி, அது பக்கத்து வாயிலைத் திறக்க, இப்படியே கணத்தாக்கம் என்ற இந்த மின் அலை நரம்பு நார் வழியே போகும். பிறகு பொற்றாசியம் வெளியேற, பழைய நிலை. இதை அளக்க ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு விஞ்ஞானிகளுக்குக் கைகொடுத்தது கணவாய். குருநகரில் வாங்கிக் கறி வைக்கிறோமே, அதன் உறவுதான். அதில் ஒரு நார் அரை மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பு, உள்ளேயே மின்வாயைச் செருகலாம். 1963இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கேள்வி: கால்விரல் கதவில் அடிபட்டால் அடி உடனே தெரிகிறது, எரிவு பிந்தி வருகிறதே?

இரண்டும் வேறு வேறு நார், தம்பி. எரிவைக் கொண்டுவரும் மெல்லிய நாருக்கு, சேதியை வேகமாக்கும் மயலின் என்ற கொழுப்பு உறை இல்லை, அதனால் சேதி செக்கனுக்கு ஒரு மீற்றர் அளவில்தான் நகரும்.

கேள்வி (சுன்னாகம், தோட்டக்காரர்): வெங்காயத்துக்கு மருந்து அடித்த அன்று எச்சில் ஊறி, கண் மங்கி, சதை துடித்தது. நரம்போ?

ஓம் அண்ணை, நரம்புதான். ஒரு கலம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரு மிகச் சிறிய இடைவெளி இருக்கும். மின் அதைத் தாண்டாது, அங்கே இரசாயனம்தான் சேதி சொல்லும். 1921இல் ஒட்டோ லோவி ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்து, அதிலிருந்த திரவத்தை இன்னோர் இதயத்தில் விட்டார், அதுவும் மெதுவாகியது! அந்தப் பொருள் அசற்றைல்கோலின். சேதி சொன்னதும் அதை ஒரு நொதியம் உடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தசையும் சுரப்பியும் ஓய்வில்லாமல் தூண்டப்படும். ஓகனோபொஸ்பேற் வகைப் பூச்சிமருந்து அந்த நொதியத்தையே முடக்கிவிடும். உங்களுக்கு வந்த மூன்றும் அதன் குறிகள். இனி அப்படி வந்தால் உடுப்பைக் கழற்றி, சவர்க்காரம் போட்டுக் கழுவி, போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: கட்டுவிரியன் கடித்தால் ஏன் கண்ணிமை விழுகிறது?

அதே இடைவெளிதான், ஆனால் நேரெதிர். அந்த விஷம் நரம்பு முனையைச் சிதைத்து அசற்றைல்கோலின் வெளிவராமல் செய்யும், இமை விழும், கடைசியில் மூச்சுத் தசையும் நிற்கும். கடிவாயில் வீக்கமில்லை, வலியில்லை என்று விடியும்வரை பார்த்திருக்காதீர்கள். இரவோடு இரவாகக் கொண்டுபோங்கள்.