பழைய பேட்டரியும் ஆளே வராத ஷேரும்: கேள்வி பதில்

நைல் லிமிடெட் பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க, அதனால எல்லாத்துக்கும் சேத்து இங்கயே பதில் சொல்லிடறேன். தெரியாதவங்களுக்கு: ஹைதராபாத் கம்பெனி, சௌட்டுப்பல்லயும் திருப்பதியிலயும் ப்ளான்ட், பழைய பேட்டரிய உருக்கி ஈயம் எடுக்கறது தான் தொழில், பிஎஸ்இ-ல மட்டும் தான் லிஸ்ட் ஆகியிருக்கு. நான் செபி ரெஜிஸ்டர்ட் ஆள் கிடையாது. ஈயம் உருக்கற ஒரு யூனிட்ல கணக்கு பாத்தவ, அவ்ளோ தான். வாங்கு, வித்துடுன்னு என் வாயிலிருந்து வராது.

அக்கா, ஈய விலை ஏறுனா இவங்களுக்கு லாபம் ஏறும் தானே? எல்எம்இ (லண்டன் உலோக சந்தை) விலை சார்ட் பாத்தே வாங்கிடலாமா?

அப்படி நெனச்சு தான் பாதி பேர் மாட்டிக்கறாங்க. பழைய பேட்டரி வாங்கறதும் எல்எம்இ விலைய ஒட்டி தான், ஈயக்கட்டி விக்கறதும் எல்எம்இ விலைய ஒட்டி தான், நடுவுல நிக்கற வித்தியாசம் தான் இவங்க சோறு. 100 ரூபாய்க்கு வித்தா 3, 4 ரூபாய் லாபம் நின்னா இந்த தொழில்ல சாதாரணம். இப்ப ஒரு கணக்கு போட்டு பாருங்க, காலாண்டுக்கு 100 கோடி விக்கற கம்பெனி, யார்டுலயும் ஃபர்னஸ்லயும் சேத்து 50 கோடி சரக்கு கெடக்குது, அந்த நேரம் பாத்து ஈயம் 5% இறங்குது, ஹெட்ஜ், அதாவது விலைய முன்கூட்டியே பூட்டி வெக்கறது, எதுவும் பண்ணல. ரெண்டரை கோடி போச்சு. லாபமே மூணரை கோடி தான்! அதனால விலை எங்க நிக்குதுன்னு பாக்கறத விட கையில எத்தனை நாள் சரக்கு வெச்சிருக்காங்க, எம்சிஎக்ஸ் கமாடிட்டி சந்தையிலயோ வேற எங்கயோ ஹெட்ஜ் பண்றாங்களான்னு பாருங்க. ஆனுவல் ரிப்போர்ட்ல கமாடிட்டி ரிஸ்க்னு ஒரு பாரா இருக்கும், முக்கால்வாசி பேர் தாண்டி போயிடற பாரா அது.

ஸ்க்ராப் எங்கேந்து வருது மேடம்? காயலான் கடையிலேந்தா?

கடைசியில அங்கேந்து தான். காயலான் கடை, பேட்டரி டீலர், அவங்ககிட்ட எடுக்கற ஏஜென்ட், அப்புறம் ப்ளான்ட். இல்லன்னா கப்பல்ல வரும், ஆசிட் வடிச்ச முழு பேட்டரிக்கு இறக்குமதி வியாபாரத்துல ரெயின்ஸ்னு பேரு. லாபம் போறது வர்றது எல்லாம் எடை மேடையில தான். ஒரு பேட்டரி எடையில சுமார் 60, 65% தான் ஈயம், மிச்சம் ஆசிட், பிளாஸ்டிக் டப்பா. லோடு இறங்கும்போது நாலஞ்சு பேட்டரிய கவுத்து பாப்பாங்க, வடிச்சதுன்னு சொன்ன லோடுல உள்ள தண்ணி நின்னா அப்பவே சண்டை தான், ஏன்னா தண்ணிக்கு ஈய விலை குடுத்த மாதிரி ஆயிடும். பர்ச்சேஸ் பாக்கற ஆள் கெட்டிக்காரனா இல்லையாங்கறது பேலன்ஸ் ஷீட்ல ஒரு வரியிலயும் தெரியாது, ரெக்கவரி சதவீதம் (நூறு கிலோ ஸ்க்ராப்புல எத்தனை கிலோ ஈயம் கெடச்சுதுன்னு) ஏதாவது ரிப்போர்ட்ல சொல்லிருந்தா புடிச்சுக்கோங்க.

2025 பட்ஜெட்ல ஈய ஸ்க்ராப்புக்கு இறக்குமதி வரிய எடுத்துட்டாங்க, நல்லது தான். ஆனா எல்லாருக்கும் தானே எடுத்தாங்க? வெளிநாட்டுல விக்கறவனுக்கும் அது தெரியும், அவனும் விலைய கொஞ்சம் ஏத்திப்பான்.

2022 பேட்டரி ரூல்ஸ் வந்ததால இதெல்லாம் மல்டிபேக்கர், பல மடங்கு ஏறும்னு யூட்யூப்ல சொல்றாங்களே?

சொல்லுவாங்க. பேட்டரி வேஸ்ட் மேனேஜ்மென்ட் ரூல்ஸ் 2022 படி வண்டி பேட்டரில 2027-28லேந்து குறைஞ்சது 35% ரீசைக்கிள் பண்ண சரக்கு இருக்கணும், 2030-31ல 40%. கேக்கறதுக்கு பெருசா இருக்கும். ஆனா ஈய பேட்டரில பெரும்பகுதி ஏற்கனவே பழைய ஈயம் தான்ப்பா, நம்ம நாட்டுல தாதுலேந்து ஈயம் எடுக்கற பெரிய ஆளுன்னா ஹிந்துஸ்தான் ஜிங்க் ஒண்ணு தான். அதனால இந்த 35% புதுசா டிமாண்ட் எதையும் கொண்டு வந்துடாது. உண்மையான மாற்றம் வேற இடத்துல. கணக்கில்லாம, லைசென்ஸ் இல்லாம பழத்தோட்டத்துக்கு நடுவுல ராத்திரி உருக்கறானே, அவன்கிட்ட போற பேட்டரி இவங்க பக்கம் திரும்பணும். திரும்புதா இல்லையான்னு கம்பெனி உருக்கின டன் கணக்குல தான் தெரியும், டர்ன்ஓவர்ல தெரியாது, டர்ன்ஓவர் ஈய விலை ஏறுனாலே ஏறிடும்.

பி.இ. (ஷேர் விலை லாபத்தப் போல எத்தனை மடங்குன்னு) ரொம்ப கம்மியா இருக்கே, சீப் தானே?

ஒரே கஸ்டமரை நம்பி இருக்கற கம்பெனிக்கு மார்க்கெட் கம்மியா தான் பி.இ. குடுக்கும். நைல் சரக்குல பெரும்பங்கு பேட்டரி பண்ற அமர ராஜாவுக்கு போறது தான். இப்ப அதே அமர ராஜா குரூப் நம்ம செய்யாறுல வருஷத்துக்கு ஒண்ணரை லட்சம் டன் திட்டத்துல சொந்தமா ரீசைக்ளிங் ப்ளான்ட் போட்டிருக்கு. இன்னொரு பேட்டரி கம்பெனி எக்ஸைடுக்கும் ஏற்கனவே குளோரைடு மெட்டல்ஸ்னு சொந்த ரீசைக்ளிங் கம்பெனி உண்டு. வாங்கற ஆளே எதிர்ல கடை போட்டா என்ன ஆகும்? எனக்கு இந்த செக்டார்ல இருக்கற பெரிய கேள்வி இது ஒண்ணு தான், மத்ததெல்லாம் அப்புறம். சொந்த ப்ளான்ட் பத்தாம அமர ராஜா வெளியிலயும் வாங்கிட்டே இருக்கலாம், இல்ல கன்வெர்ஷன் ரேட்ட (ஸ்க்ராப்ப ஈயமாக்கி குடுக்கற கூலிய) நெருக்கலாம். ஆர்டர் நிக்கறது கூட கண்ணுக்கு தெரிஞ்சிடும், ரேட்டு நெருக்கறது மெதுவா தான் தெரியும்.

கம்பெனி லித்தியம் பேட்டரி ரீசைக்ளிங் பக்கம் போனா?

அது வேற தொழில். ஈயத்துக்கு ஃபர்னஸ், லித்தியத்துக்கு கெமிஸ்ட்ரி. அந்த பிரிவு தனியா காசு காட்டற வரைக்கும் நான் அதுக்கு பூஜ்யம் தான் போடுவேன்.

அக்கா என்கிட்ட 5 லட்சம் இருக்கு, ஒரே நாள்ல வாங்கிடலாமா?

மொத்த ஷேரே சுமார் 30 லட்சம் தான் தம்பி, அதுல பாதிக்கு பக்கம் ப்ரமோட்டர்கிட்ட, மிச்சத்துலயும் பழைய ஆளுங்க கையில கெடக்கறது விக்க வராது. இந்த மாதிரி கவுன்ட்டர்ல மார்க்கெட் டெப்த் (வாங்க, விக்க நிக்கறவங்க லிஸ்ட்) தொறந்து பாத்தா விக்கறதுக்கு 12 ஷேர், அதுக்கு மேல 30 ரூபாய் தள்ளி 5 ஷேர், அதுக்கும் மேல 100 ரூபாய் தள்ளி ஒருத்தர்னு நிக்கும். அங்க போய் கெடக்கற விலைக்கே வாங்கற மார்க்கெட் ஆர்டர் போட்டா நீங்களே விலைய ஏத்தி நீங்களே வாங்கிப்பீங்க. நீங்க சொன்ன விலைக்கு மேல வாங்காத லிமிட் ஆர்டர் மட்டும், கொஞ்சம் கொஞ்சமா, ஆகலன்னா ஆகலன்னு விடுங்க. ரெண்டு மூணு மாசம் ஆனா ஆகட்டும்.

வாங்கறது கூட பரவால்ல, ரிசல்ட் மோசமா வந்த அன்னிக்கு விக்கறத யோசிச்சீங்களா? லோயர் சர்க்யூட்ல (அன்னிக்கு இதுக்கு கீழ இறங்க விடாத விலை) உக்காந்துட்டா க்யூல நிக்கணும். சின்ன மார்க்கெட் கேப் ஷேர் தாறுமாறா ஏறினா ஈஎஸ்எம்-னு ஒரு கூடுதல் கண்காணிப்புல போடுவாங்க, ட்ரேட் டு ட்ரேட் (வாங்கின அன்னிக்கே விக்க முடியாது), ஒரு நாளைக்கு 5% தான் ஏறலாம் இறங்கலாம்னு பேண்ட், ரெண்டாவது ஸ்டேஜ்ல 2%. சராசரி ஒரு நாள் வால்யூம்ல அஞ்சுல ஒரு பங்கு தான் உங்களால விக்க முடியும்னு வெச்சு, முழுசா வெளிய வர எத்தனை நாள்னு எண்ணுங்க. பொண்ணு காலேஜ் ஃபீஸ் காசுன்னா இந்த பக்கமே வராதீங்க.

முதலீட்டாளர்களோட பேசற கான்கால் இல்ல, ப்ரெசென்டேஷன் இல்ல, எத வெச்சு தான் படிக்கறது?

பேங்க் லோன் வாங்கற கம்பெனின்னா கேர், இக்ரா, கிரிசில் மாதிரி ஏதோ ஒரு ஏஜென்சி ரேட்டிங் குடுத்திருக்கும், அதுக்கு காரணம் சொல்ற அறிக்கை (ரேஷனேல்) இலவசம், கஸ்டமர் எத்தனை பேர், ப்ளான்ட் எவ்ளோ ஓடுதுன்னு ஆனுவல் ரிப்போர்ட்ல இல்லாதது கூட அதுல இருக்கும். லாபத்த விட்டுட்டு அஞ்சு வருஷ ஆபரேட்டிங் கேஷ் ஃப்ளோ (தொழில்லேந்து நெஜமா கைக்கு வந்த காசு) கூட்டி பாருங்க. ரிலேட்டட் பார்ட்டி (ப்ரமோட்டரோட ஆளுங்க, அவங்க கம்பெனிங்களோட நடக்கற வியாபாரம்) பக்கத்த கண்டிப்பா படிங்க. பொல்யூஷன் போர்டு அனுமதி (கன்சென்ட்) எந்த தேதி வரைக்கும்னு தேடுங்க, ஈயம் விளையாட்டு இல்ல, ஒரு க்ளோஷர் நோட்டீஸ் வந்தா ஃபர்னஸ் அன்னிக்கே நிக்கும். ஏஜிஎம், அதாவது ஷேர்ஹோல்டர்களோட வருஷாந்திர கூட்டம், இப்பல்லாம் ஆன்லைன்ல தான் நெறைய நடக்குது, ஒரே ஒரு ஷேர் இருந்தா கூட முன்கூட்டி ஸ்பீக்கரா ரெஜிஸ்டர் பண்ணி கேக்கலாம். எத்தனை டன் உருக்கினீங்க, பெரிய கஸ்டமருக்கு போற சரக்கோட பங்கு போன வருஷத்த விட ஏறுச்சா இறங்குச்சா, செய்யாறு ப்ளான்ட் வந்தப்புறம் உங்க கன்வெர்ஷன் ரேட் மாறுச்சான்னு மூணே கேள்வி போதும். மூணாவதுக்கு மழுப்புனாங்கன்னா அதையும் எழுதி வெச்சுக்கோங்க.