அந்தக் கமெண்டை அழித்திருக்க வேண்டாம்

அன்புள்ள ஐயா,

நான்கு வருடமாக இன்ஸ்டாகிராமில் சுங்குடிச் சேலை விற்கிறேன். போன மாதம் ஒருவர், ‘முதல் அலசலிலேயே சாயம் போய்விட்டது, கூட ஊறவைத்த துணியெல்லாம் சிவப்பு’ என்று கமெண்ட் போட்டார். பயந்துபோய் அழித்துவிட்டேன். அவர் முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறார். அதைத் தன் ஸ்டோரியில் போட்டுவிட்டார். இப்போது எந்தப் படம் போட்டாலும் ‘இதுவும் சாயம் போகுமா?’ என்று கேட்கிறார்கள். எல்லாரையும் பிளாக் செய் என்கிறான் தம்பி. பெரிய கம்பெனிகள் இதையெல்லாம் எப்படிச் சமாளிக்கின்றன?

வாசகி, மதுரை

அன்புள்ள சகோதரி,

பெரிய கம்பெனிகளும் உங்களைப் போலப் பயந்து அழித்திருக்கின்றன. 2010 மார்ச்சில், நெஸ்லே தன் கிட்கேட் சாக்லேட்டுக்கு வாங்கும் பாமாயிலால் இந்தோனேசியக் காடுகள் அழிகின்றன, உராங்குட்டான்கள் சாகின்றன என்று கிரீன்பீஸ் என்கிற சுற்றுச்சூழல் அமைப்பு ஒரு வீடியோ வெளியிட்டது. நெஸ்லே காப்புரிமையைக் காட்டி யூடியூபிலிருந்து அதை எடுக்க வைத்தது. வீடியோ வேறு தளங்களில் ஏறி இன்னும் பரவியது. கூட்டம் நெஸ்லேயின் ஃபேஸ்புக் பக்கத்துக்கு வந்துவிட்டது, கிட்கேட் சின்னத்தைக் கேலியாக மாற்றி புரொஃபைல் படமாக வைத்துக்கொண்டு. அந்தப் படத்தோடு எழுதினால் அழிப்போம் என்றார் பக்கத்தைக் கவனித்தவர். ஒருவர் அவருக்குப் புத்தி சொல்லப்போக, பாடத்துக்கு நன்றி, ஆனால் பக்கம் எங்களுடையது, சட்டமும் எங்களுடையது என்கிற தோரணையில் பதில் வந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா!

கடைசியில் அதே ஆள்தான் மன்னிப்புக் கேட்டார். பதிவுகளை அழிப்பதை நிறுத்திவிட்டோம், நானும் மரியாதைக் குறைவாகப் பேசுவதை நிறுத்திவிட்டேன் என்று எழுதினார். எனக்கு அது பிடித்திருந்தது. ஆனாலும் அதோடு விஷயம் அடங்கவில்லை. காட்டை அழித்து எடுக்கும் பாமாயிலைத் தவிர்ப்போம் என்று மே மாதம் நெஸ்லே அறிவித்த பிறகுதான் கிரீன்பீஸ் பிரச்சாரத்தை நிறுத்தியது.

உங்கள் கதைக்கு வருவோம். அடர்நிறச் சுங்குடி முதல் இரண்டு மூன்று அலசலில் சாயம் விடும் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் தனி வாளியில் கல்லுப்புப் போட்டுத்தான் ஊறவைப்பார்கள். வாங்கியவருக்கு அது தெரியுமா? பார்சலோடு ஒரு துண்டுச் சீட்டாவது வைத்தீர்களா? வைக்கவில்லை என்றால் அந்தக் கமெண்டில் கோபம் மட்டுமல்ல, நியாயமும் இருக்கிறது.

முதலில் அவரிடம் தனிச் செய்தியில் பேசுங்கள். சேலையைத் திருப்பி எடுப்பது, பணம், விலாசம் எல்லாம் அங்கே. ஆனால் கமெண்டை அழித்தது தப்பு என்பதை உங்கள் பக்கத்தில், எல்லாரும் பார்க்கிற மாதிரி நீங்களே எழுத வேண்டும். சாயம் போகுமா என்று கேட்பவர்களையும் எதிரியாக நினைக்காதீர்கள். வாங்கலாமா என்று யோசிக்கிறவர்தான் அதைக் கேட்பார். எந்த நிறம் விடும், எது விடாது என்று அந்தந்தப் படத்தின் கீழேயே சொல்லுங்கள். கெட்ட வார்த்தை எழுதுகிறவரை மட்டும் தம்பி சொன்னபடி பிளாக் செய்யலாம், சந்தேகமே வேண்டாம்.

முடியாது என்பதையும் பொதுவில் சொல்லலாம். சுஷ்மா சுவராஜ் வெளியுறவு அமைச்சராக இருந்தபோது, 2016இல் ஒருவர் பழுதான ஃபிரிட்ஜுக்காக ட்விட்டரில் அவரிடம் முறையிட்டார். சகோதரரே, ஃபிரிட்ஜ் விஷயத்தில் என்னால் உதவ முடியாது, ஆபத்தில் இருக்கும் மனிதர்களைக் கவனிப்பதிலேயே நேரம் போகிறது என்று பதில் போட்டார். ஆளைத் திட்டவும் இல்லை, கண்டுகொள்ளாமல் விடவும் இல்லை.

அப்புறம், இன்ஸ்டாகிராமில் விற்பவர்கள் போடும் அந்த ‘விலைக்கு டிஎம் செய்யவும்’, அதாவது விலையைத் தனிச் செய்தியில் கேளுங்கள் என்பது. அதை விட்டுவிட்டு விலையைப் படத்தின் கீழேயே போடுங்கள். இரண்டு முறை கேட்டுப் பார்த்து, பதில் வருவதற்குள் ஆசையே போய்விட்ட அனுபவம் எனக்கு உண்டு. உங்கள் பக்கத்தில் அல்ல.