மெமரி சிவப்பாகக் காட்டினால் ரீபூட் செய்யலாமா? – சர்வர் கேள்வி பதில்

கேள்வி: ஆறு லினக்ஸ் சர்வர்களை நான் ஒருவனே பார்த்துக்கொள்கிறேன். சர்வர்களின் நிலையைக் காட்டும் கன்சோலைத் திறந்தாலே மெமரி 92 சதவீதம் என்று சிவப்பில் நிற்கிறது. பயந்துபோய் தினமும் ராத்திரி ரீபூட் செய்கிறேன், மறுநாள் சாயங்காலத்துக்குள் மறுபடி ஏறிவிடுகிறது. கூடுதல் மெமரி வாங்க வேண்டுமா?

பதில்: முதலில் அந்த தினசரி ரீபூட்டை நிறுத்துங்கள். லினக்ஸ் காலியாகக் கிடக்கும் மெமரியைச் சும்மா விடாது. டிஸ்கிலிருந்து ஒருமுறை படித்த ஃபைல்களை அதில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை யாராவது கேட்டால் டிஸ்குக்குப் போகாமல் அங்கிருந்தே எடுத்துக் கொடுக்கும். பேஜ் கேச் என்பது இதுதான். ஏதாவது ஒரு புரோகிராமுக்கு இடம் வேண்டுமென்றால் அதில் பெரும்பகுதியை உடனே விட்டுக்கொடுத்தும் விடும். சில கன்சோல்கள் இந்தக் கேச்சையும் சேர்த்து 'பயன்பாட்டில் உள்ளது' என்று காட்டுகின்றன, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையதும் அந்த ரகம்தான் போலிருக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியது 'அவைலபிள்' என்ற எண். 2014-ல் வந்த கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 3.14 முதல் லினக்ஸே அதைக் கணக்குப்போட்டுத் தருகிறது. கன்சோலில் கண்ணில் படவில்லையென்றால் டெர்மினலில் 'ஃப்ரீ' (free) என்ற கட்டளையை அடியுங்கள், மெமரி வரிசையின் கடைசியில் இருக்கும்.

அந்த எண் தாராளமாக இருந்து, ஸ்வாப்பிலும் (மெமரி போதாதபோது டிஸ்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) போக்குவரத்து இல்லையென்றால் புது மெமரிக்குக் காசு செலவழிக்காதீர்கள். ஆனால் ரீபூட் செய்யாமல் ஒரு வாரம் விட்டுப் பார்க்கும்போது அவைலபிள் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போனால், ஏதோ ஒரு புரோகிராம் வாங்கிய மெமரியைத் திருப்பித் தரவில்லை என்று சந்தேகப்படலாம், அந்த ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும். தினமும் ரீபூட் செய்தால் அந்தத் தடயமே அழிந்துபோகிறது. போதாததற்கு கேச்சும் காலியாகி, காலையில் டேட்டாபேஸ் எல்லாவற்றையும் டிஸ்கிலிருந்து புதிதாகப் படிக்கிறது. காலை நேரத்தில் மட்டும் 'சிஸ்டம் ஸ்லோ' என்று புகார் வருகிறதா என்று விசாரித்துப் பாருங்கள்.

கேள்வி: டிஸ்க் 100 சதவீதம் நிரம்பியதால் நடப்பதைக் குறித்துவைக்கும் பெரிய லாக் ஃபைல் ஒன்றை அழித்தேன். கன்சோலில் இன்னும் 100-தான். கன்சோல் பொய் சொல்கிறதா?

பதில்: இல்லை, சரியாகத்தான் சொல்கிறது. நீங்கள் எடுத்தது ஃபைலின் பெயரை மட்டும்தான். அதைத் திறந்துவைத்து எழுதிக்கொண்டிருக்கும் புரோகிராம் மூடும்வரை இடம் திரும்ப வராது. 'எல்எஸ்ஓஎஃப்' கட்டளையோடு 'ப்ளஸ் எல் 1' சேர்த்து (lsof +L1) கொடுத்தால் பிடித்துவைத்திருப்பது யார் என்று தெரியும், அந்த சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் போதும். அடுத்த முறை லாக்கை அழிக்காமல், உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்யுங்கள். அப்புறம் பழைய லாக்குகளைத் தானாகவே ஒதுக்கி அழிக்கும் 'லாக்ரொட்டேட்' ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: சர்வர் பச்சையாகக் காட்டுகிறது, வெப்சைட் மட்டும் திறக்கவில்லை. எப்படி?

பதில்: பச்சை என்றால் பெரும்பாலும் மெஷின் உயிரோடு இருக்கிறது, சர்வீஸ் ஓடுகிறது என்று மட்டும்தான் அர்த்தம். வெப்சைட்டின் பாதுகாப்புச் சர்டிஃபிகேட் காலாவதியானதோ, வெப்சைட் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் தவறானதோ உள்ளே இருந்து பார்த்தால் தெரியாது. வெளியில் வேறொரு இடத்திலிருந்து பக்கத்தைத் திறந்து பார்க்கும் கண்காணிப்பு ஒன்று தனியாக வேண்டும்.

கேள்வி: இந்த வேலைக்குப் புதிது. தவறான சர்வரில் பட்டனை அழுத்திவிடுவேனோ என்று கை நடுங்குகிறது.

பதில்: அந்த பயம் நல்லதுதான். டெஸ்ட் சர்வர் என்று நினைத்து நிஜ சர்வரை நானே ரீபூட் செய்திருக்கிறேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டேப், இரண்டும் ஒரே நிறம், பெயரில் கடைசி எழுத்து மட்டும் வேறு. எத்தனை பேருடைய வேலை பாதியில் நின்றது என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. அன்றிலிருந்து பார்ப்பதற்கு ஒரு அக்கவுண்ட், மாற்றுவதற்கு வேறு அக்கவுண்ட் என்று பிரித்துவிட்டேன், ஏனென்றால் நம் நேரத்தில் பெரும்பகுதி பார்ப்பதில்தான் போகிறது, அதற்கு எதையும் மாற்றக்கூடிய ரூட் அதிகாரம் எதற்கு? காக்பிட் என்ற வெப் கன்சோலைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதிலேயே 'லிமிட்டட் ஆக்சஸ்' இருக்கிறது, தேவைப்படும்போது மட்டும் பாஸ்வேர்ட் கொடுத்து மேலே ஏறலாம். நிஜ சர்வர்களுக்கு டெஸ்டோடு குழம்பாத பெயர் வையுங்கள், நிறத்தையும் மாற்றுங்கள். டெபியனிலும் உபுண்டுவிலும் 'மாலி-கார்ட்' என்று ஒரு பேக்கேஜ் உண்டு. எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் முறை) வழியாக ரீபூட் கட்டளை கொடுத்தால், எந்த சர்வர் என்று பெயரை டைப் செய்யச் சொல்லும், தவறாக அடித்தால் ரீபூட் நடக்காது. ஒரு புரோகிராமரின் சின்னப் பெண் மாலி ஐபிஎம் 4341 கம்ப்யூட்டரின் பெரிய சிவப்பு ஸ்விட்சை ஒரே நாளில் இரண்டு முறை அழுத்திவிட்டாளாம், அதற்குப் பிறகு ஸ்விட்சுக்குப் போட்ட மூடிக்கு வந்த பெயர்தான் இது.

கேள்வி: வீட்டிலிருந்தும் பார்க்க வசதியாக, பிரவுசரிலிருந்தே சர்வரை நிர்வகிக்கும் வெப்மினை இன்டர்நெட்டில் திறந்து வைத்திருக்கிறேன். பாஸ்வேர்ட் ரொம்ப நீளம். போதாதா?

பதில்: போதாது. 2018-ல் வெப்மின் தயாராகும் சர்வருக்குள்ளேயே யாரோ புகுந்து கோடில் ஒரு திருட்டு வழியைச் செருகிவிட்டார்கள், 2019 ஆகஸ்டில்தான் அது வெளியே தெரிந்து பதிப்பு 1.930-ல் சரிசெய்யப்பட்டது. 1.890 வைத்திருந்தவர்களின் சர்வரில், பாஸ்வேர்டே இல்லாமல் வெளியாள் ரூட் அதிகாரத்தோடு கட்டளை ஓட்ட முடிந்தது. அங்கே உங்கள் நீளமான பாஸ்வேர்ட் என்ன செய்யும்? போர்ட் (நெட்வொர்க் வாசல்) எண்ணை மாற்றுவதும் பெரிய பாதுகாப்பு இல்லை, ஸ்கேன் செய்பவர்களுக்கு எல்லா போர்ட்டையும் தட்டிப் பார்க்க அதிக நேரம் ஆகாது. விபிஎன் (இன்டர்நெட்டில் தனிப் பாதை) வையுங்கள், அல்லது எஸ்எஸ்எச் டனல் வழியாக மட்டும் கன்சோலுக்குப் போங்கள், இரண்டடுக்கு சரிபார்ப்பையும் போடுங்கள். இதையெல்லாம் செய்து முடிக்கும்வரை வெப்மின் வழக்கமாகப் பயன்படுத்தும் 10000-ஆம் போர்ட்டை ஃபயர்வாலில் இன்றைக்கே மூடிவிடுங்கள்.