பார் சார்ட்டின் அச்சு ஏன் பூஜ்யத்தில் தொடங்க வேண்டும்?

பார் சார்ட் என்பது எண்களைப் பட்டைகளின் நீளமாகக் காட்டும் வரைபடம். பவர் பிஐ, டேப்ளோ, எக்செல் என எந்த மென்பொருளில் வரைந்தாலும் இந்தக் கேள்வி வரும். அச்சு என்பது பட்டைகளின் ஓரத்தில் நிற்கும் அளவுகோல். அதைப் பாதியில் தொடங்கினால் பட்டைகளின் அடிப்பகுதி வெட்டுப்பட்டுப் போகும்.

எண்ணைப் படிக்கும் முன்பே நம் கண் பட்டையின் நீளத்தை ஒப்பிட்டுவிடுகிறது. ஒரு கிளையின் விற்பனை 96 லட்சம், இன்னொன்றில் 100 லட்சம் என்று வையுங்கள். அச்சு 95-இல் தொடங்கினால் முதல் பட்டையின் உயரம் 1 பங்கு, அடுத்தது 5 பங்கு. வெறும் 4 லட்சம் வித்தியாசம் ஐந்து மடங்காகத் தெரியும். அந்த முதல் கிளையின் மேலாளர் செய்யாத தவறுக்குத் திட்டு வாங்குவார்.

பாதியில் தொடங்கும் அச்சு ஒரு மதில் சுவர் மாதிரி. அந்தச் சுவருக்குப் பின்னால் இருவர் நிற்கிறார்கள். ஒருவரின் முழுத் தலையும் நமக்குத் தெரிகிறது, மற்றவரின் உச்சி முடி மட்டும். சுவரை எடுத்தால் வித்தியாசம் ஒரு சாண்தான்.

எக்செலில் கூடுதல் கவனம் தேவை. எண்கள் நெருக்கமாக இருந்தால் அதுவே அச்சை மேலே தள்ளித் தொடங்கிவிடும். அச்சு அமைப்பில் மினிமம் என்ற இடத்தில் 0 கொடுங்கள்.

எல்லா வரைபடத்துக்கும் இதே விதி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, புள்ளிகளைக் கோட்டால் இணைக்கும் லைன் சார்ட்டில் பார்ப்பது ஏற்ற இறக்கத்தை, அங்கே காய்ச்சலை 0-இலிருந்து வரைந்தால் 98.6-க்கும் 102-க்கும் வித்தியாசமே தெரியாது.