உமி சாயத்தை உறிஞ்சுமா?

கேள்வி: நெல் உமி, கரும்புச் சக்கை, தேங்காய் நார்த்தூள் இவற்றைப் போட்டால் சாயக்கழிவுநீர் தெளிந்துவிடும் என்று ஒரு வீடியோவில் காட்டினார்கள். கண்ணெதிரே நீலத் தண்ணீர் தெளிந்தது. நிஜமா? நிஜமென்றால் எல்லாச் சாயப்பட்டறைகளும் ஏன் இதைச் செய்வதில்லை?

பதில்: நிஜம்தான். ஆனால் நீங்கள் பார்த்த நீலம் அநேகமாக மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயமாக இருக்கும், இந்த மாதிரிச் சோதனைகளில் பலரும் முதலில் எடுப்பது அதைத்தான். அது தண்ணீரில் கரைந்ததும் நேர்மின்சுமை பெறுகிறது. உமியிலும் சக்கையிலும் உள்ள செல்லுலோஸ், லிக்னின் என்ற தாவர நார்ப்பொருள்களின் பரப்பு சாதாரணத் தண்ணீரில் எதிர்மின்சுமையோடு இருக்கிறது. அதனால் சாயம் தானாகவே போய் ஒட்டிக்கொள்கிறது. பாடப்புத்தகத்தில் பரப்புக் கவர்ச்சி என்று படித்தோமே, அதுதான். கழுவிக் காயவைத்த உமியைப் போட்டுக் கலக்கி வடிகட்டினால் உமி நீலமாகிவிடும், தண்ணீர் வெளுக்கும்.

சிக்கல் இனிமேல்தான். பருத்தித் துணிக்குப் பெரும்பாலும் போடுவது ரியாக்டிவ் சாயம், அதாவது நூலோடு வேதிவினையால் பிணைகிற சாயம், அதற்கு எதிர்மின்சுமை. அதே உமி இதைக் கிட்டவே சேர்க்காது. சேர்க்கவேண்டுமானால் அமிலம் ஊற்றி பிஎச் அளவை (7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்) 2, 3 வரை இறக்கவேண்டும், சாயத்தொட்டியிலிருந்து வரும் தண்ணீரோ சோடா கலந்து காரமாக இருக்கும், ஆக அமிலச் செலவு எவ்வளவு ஆகும் பாருங்கள், அப்புறம் வெளியே விடுவதற்கு முன் அந்த அமிலத்தையும் மறுபடி சமன் செய்யவேண்டும்! இல்லையென்றால் உமியை ரசாயனத்தில் பதப்படுத்தவேண்டும், அல்லது கரியாக்கி ஆக்டிவேட்டட் கார்பனாக, அதாவது நுண்துளைகள் நிறைந்த கரியாக மாற்றவேண்டும். அப்போது அது இலவசமாகக் கிடைத்த கழிவு இல்லை, காசு செலவழித்துத் தயாரித்த பொருள்.

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிய கவலை: சாயம் துணியில் ஏற நிறைய உப்புப் போடுகிறார்கள், அந்த உப்பை உமி எடுக்காது. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெரியும், பயிருக்கு விட்டால் மண் கெடும். நிறம் போனதை வைத்துத் தண்ணீர் சுத்தம் என்று முடிவு கட்டாதீர்கள்.

அதற்காக இதை ஒதுக்கவும் வேண்டாம். நுண்ணுயிர்ச் சுத்திகரிப்பு முடிந்த பிறகும் கொஞ்சம் நிறம் மிஞ்சும். அந்தக் கடைசிக் கட்டத்தில் உமிக்கரி, சிரட்டைக்கரி நிரப்பிய வடிகட்டி நன்றாகவே உதவும். பச்சையாகப் போடுவதைவிட அதுவே மேல், ஏனென்றால் பச்சை மரத்தூளும் நார்த்தூளும் தங்கள் பழுப்புச் சாற்றைத் தண்ணீரில் இறக்கிவிடும்.

கேள்வி: சாயம் ஏறிய உமியை எருக்குழியில் போடலாமா?

பதில்: கூடவே கூடாது. சாயம் அழியவில்லை, தண்ணீரிலிருந்து உமிக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். மழை பட்டால், பிஎச் மாறினால் அது திரும்பக் கழன்று வரும். திறந்தவெளியில் கொளுத்துவதும் தப்பு, புகையில் என்ன வரும் என்பது சாயத்தைப் பொறுத்தது. அபாயக் கழிவாகக் கணக்கில் வைத்து, அதிக வெப்பத்தில் எரிக்கும் முறையான உலைக்கு அனுப்பவேண்டும். அடுத்த முறை இப்படி வீடியோ பார்த்தால், அந்த நீல உமி கடைசியில் எங்கே போனது என்று கீழே ஒரு வரி கேட்டுவிடுங்கள்.