ஆறு யூனிட் ஏற்றினால்தான் டியூ கட்ட முடியும் என்றால் டிப்பர் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 38. க.பரமத்தி பக்கம் கிரஷரிலிருந்து எம்.சாண்ட், ஜல்லி ஏற்றும் டிப்பரில் 14 வருடமாக டிரைவர். மாதம் 28,000 ரூபாய் வருகிறது. சொந்தமாகப் பத்து வீல் டிப்பர் எடுக்க ஆசை. ஆன்ரோடு 48 லட்சம். கையில் 12 லட்சம் இருக்கிறது. 10 லட்சம் கட்டினால் 38 லட்சம் ஃபைனான்ஸ், ஐந்து வருடம். யூனிட்டுக்கு 1,500 ரூபாய் வாடகை, நடைக்கு ஆறு யூனிட், ஒரு நாளைக்கு இரண்டு நடை, மாதம் 24 நாள். செலவு, டியூ எல்லாம் போக ஒன்றே முக்கால் லட்சம் நிற்கும் என்று ஏஜென்ட் எழுதிக் கொடுத்தார். வீட்டுப் பத்திரமும் கேட்கிறார்கள். மனைவி பயப்படுகிறாள். எடுக்கலாமா?
- ஒரு வாசகர், கரூர் மாவட்டம்

பதில்: உங்கள் மனைவியின் பயத்தில் நியாயம் இருக்கிறது. இந்தக் கணக்கை வைத்து வண்டி எடுக்க வேண்டாம். ஏஜென்ட் கூட்டல் கழித்தலில் தப்பு செய்யவில்லை. ‘ஆறு யூனிட்’ என்ற முதல் வரிதான் தப்பு.

எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு வருடம் முன்பு இதே மாதிரி ஒரு வண்டியை விலை பேசினார். முடிப்பதற்கு முன் அவரோடு விடியற்காலையில் ஒரு கிரஷர் எடைமேடைக்குப் போனேன். கழுவிய எம்.சாண்ட், பின்கதவு இடுக்கில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. வண்டி ஏறியதும் சீட்டு வந்தது: 39,240 கிலோ. ஆர்.சி.யில் இருந்த மொத்த எடை 28,000. டிரைவர் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பிவிட்டார். 14 வருடம் வண்டி ஓட்டிய உங்களுக்கு இது புதிதாக இருக்காது. ஆனால் இதுவரை அந்தச் சீட்டு முதலாளியின் தலைவலி. இனி உங்களுடையது.

உங்கள் கணக்கையே கிலோவில் போட்டுப் பார்ப்போம். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. காய்ந்த எம்.சாண்ட் என்றால் சுமார் நாலரை டன், ஈரமாக இருந்தால் ஐந்து டன்னைத் தொடும். பத்து வீல் டிப்பரின் காலி எடை பெட்டியோடு சேர்த்து ஏறக்குறைய 11 டன். அனுமதித்த 28 டன்னில் மீதி 17 டன்தான் லோடு. அதாவது மூன்றே முக்கால் யூனிட். ஆறு யூனிட் என்றால் 27 டன் லோடு, பத்து டன் அதிகம்.

2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுக்கு அனுமதிக்கும் எடையை உயர்த்தியது. முன்பு 25 டன்னாக இருந்த மூன்று அச்சு வண்டி 28 டன்னைத் தாண்டியது அப்போதுதான். அந்தத் தளர்வு கிடைத்த அடுத்த வருடமே அபராதமும் ஏறியது. அதற்கு முன் ஓவர்லோடுக்கு 2,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 1,000. 2019 செப்டம்பர் முதல் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000. உங்கள் பத்து டன்னுக்கு முன்பு 12,000 ஆகியிருக்கும். இப்போது ஒரு முறை பிடித்தால் 40,000. அதிகப்படி லோடை இறக்காமல் வண்டி நகராது, இறக்கும் கூலியும் உங்கள் தலையில்.

அபராதத்தை விட எனக்குக் கவலை தருவது லைசென்ஸ். ஓவர்லோடு ஏற்றும் சரக்கு வண்டி டிரைவரின் லைசென்ஸைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்தி வைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015லேயே மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. முதலாளி, டிரைவர் இரண்டுமே நீங்கள் என்றால் அந்த மூன்று மாதம் உங்களுக்கு இரண்டு பக்கமும் அடி. விபத்து நடந்தாலோ, இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்கும் காகிதங்களில் எடைச் சீட்டும் ஒன்று. ஓவர்லோடைக் காட்டி வண்டிச் சேதத்துக்கான க்ளெய்மைக் குறைக்கப் பார்ப்பார்கள். நடைச்சீட்டு, அதாவது கனிமம் கொண்டுபோவதற்கான அனுமதிச் சீட்டு, இல்லாமல் ஏற்றினால் வண்டியையே பறிமுதல் செய்ய 1957 கனிமச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சீட்டில் ஓர் அளவு, பெட்டியில் ஓர் அளவு என்று ஓட்டுவதும் அந்தச் சிக்கலில் கொண்டுபோய் விடலாம்.

சரி, சட்டப்படி ஏற்றினால் என்ன ஆகும்? மூன்றே முக்கால் யூனிட், 1,500 ரூபாய், மாதம் 48 நடை: வரவு 2,70,000. போக வர 70 கிலோமீட்டர், நடைக்குச் சுமார் 2,100 ரூபாய் டீசல் என்று வைத்தால் மாதம் ஒரு லட்சம். மாற்று டிரைவர், கிளீனர் 25,000. டயருக்கு மாதம் 19,000 ஒதுக்க வேண்டும். குவாரிப் பாதையில் ஒரு செட் ஒரு வருடம் தாங்கினால் பெரிது. மெயின்டனன்ஸ் 15,000, இன்சூரன்ஸ் 9,000, எஃப்.சி., வரி, ஜி.பி.எஸ். எல்லாம் 6,000. கூட்டினால் 1,74,000 சொச்சம். பத்தரை சதவீதத்தில் டியூ 81,700. நல்ல மாதத்தில் கையில் நிற்பது 13,500 ரூபாய். லோடு குறைந்தால் டீசலிலும் டயரிலும் ஒரு 11,000 மிச்சமாகும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் இன்று வாங்கும் சம்பளத்தை விடக் குறைவுதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேலை பாதியானால் டியூவுக்கே மாதம் 55,000 போலக் கைக்காசு போட வேண்டிவரும்.

அந்த ஒன்றே முக்கால் லட்சத்தில் பெரும்பகுதி அந்தப் பத்து டன்னிலிருந்துதான் வருகிறது. அதே பத்து டன்தான் கிரஷர் ரோட்டை நொறுக்குகிறது. அச்சு எடை கூடக் கூட ரோட்டுச் சேதம் நான்காம் அடுக்கில் கூடும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. 28 டன் வண்டி 38 டன்னோடு போனால் ஒரே நடையில் மூன்று நடைக்கு மேல் சேதம். அந்த ரோட்டில்தான் ஊர்ப் பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறார்கள். எனக்கு இது வெறும் பணக் கணக்காகப் படவில்லை.

ஃபைனான்ஸ் பற்றி ஒன்று. ‘வட்டி ஐந்தே முக்கால்தான்’ என்று சொன்னால் அது ஃபிளாட், அதாவது அசல் குறையக் குறையவும் முழுக் கடனுக்கே போடும் வட்டி. 38 லட்சத்துக்கு ஐந்து வருடத்தில் அது குறையும் நிலுவையில் கிட்டத்தட்ட பத்தரை சதவீதம். சதவீதத்தை விட்டுவிட்டு, மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். வீட்டுப் பத்திரம் கண்டிப்பாகக் கொடுக்காதீர்கள். கடனுக்கு வண்டியே ஈடாக ஆர்.சி.யில் ஏறுகிறது. அதற்கு மேல் வீட்டையும் கேட்கிறார்கள் என்றால், வண்டி ஓடி இந்தக் கடன் அடையும் என்பதில் அவர்களுக்கே நம்பிக்கை இல்லை.

வரி பெரிய விஷயமே இல்லை. 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு உத்தேச வருமான முறையில் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் காட்டலாம். உங்களுக்கு வருடம் 3,36,000. இது மட்டும்தான் வருமானம் என்றால் வரி வராது. பான் எண்ணும், வண்டி பத்துக்கு மேல் இல்லை என்ற உறுதிமொழியும் கொடுத்தால் வாடகையில் டி.டி.எஸ். பிடிக்க மாட்டார்கள்.

அப்புறம் வழியே இல்லையா? இருக்கிறது. நான்கைந்து வருடம் ஓடிய வண்டி 24 லட்சத்துக்குள் கிடைத்தால், 9 லட்சம் கையிலிருந்து, 15 லட்சம் கடன். 13 சதவீதம், நான்கு வருடம் என்றால் டியூ 40,000 சொச்சம். மெயின்டனன்ஸுக்கு 10,000 கூடுதலாகப் போட்டாலும், சட்டப்படி லோடு ஏற்றியே நல்ல மாதத்தில் 55,000 அளவில் நிற்கும். மீதி 3 லட்சத்தை வங்கியில் போட்டு வைத்து மழை மாதத்தில் மட்டும் தொடுங்கள். வண்டி பார்க்கும்போது சேஸிஸில் வெல்டிங் போட்ட தடம் இருக்கிறதா என்று கீழே படுத்துப் பாருங்கள். உங்கள் அனுபவத்துக்கு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆர்.சி.யில் மொத்த எடை 25 டன் என்று இருந்தால் அது பழைய கணக்கு, மூன்று யூனிட்தான் ஏறும். அதைத் தொடாதீர்கள்.

புது வண்டிதான் வேண்டும் என்றால் டன்னுக்கு 375 ரூபாய் வாடகை கிடைக்க வேண்டும். உங்கள் இப்போதைய யூனிட் ரேட்டை டன்னில் மாற்றினால் 333. நடுவில் இருப்பது 42 ரூபாய்தான். ஓவர்லோடு ஓட்டுகிறவர்கள் நிறைந்த இடத்தில் அதைக் கேட்டு வாங்க முடியாது. ரெடிமிக்ஸ் பிளான்ட்டுகளிலும் பெரிய ரோடு கான்ட்ராக்ட்டுகளிலும் வாசலிலேயே எடை போட்டு டன் கணக்கில் பணம் தருவது வழக்கம். அங்கே போய்ப் பேசுங்கள். சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உதயம் பதிவைச் செய்துகொள்ளுங்கள். ஒப்பந்தம் எழுதினால் 45 நாளுக்குள் பணம் தராத கம்பெனிக்கு அந்தச் செலவை அந்த வருட வரிக் கணக்கில் கழிக்க முடியாது, அதனாலேயே உங்கள் பில் சீக்கிரம் பாஸாகும். ஒரு வருடத்துக்கு, டன் கணக்கில், கையெழுத்தோடு காகிதம் வாங்குங்கள். அது கைக்கு வந்த பிறகு டீலரிடம் போகலாம்.