மஞ்சள் மாத்திரை மூளைக் கட்டியைக் கரைக்குமா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. மூளையில் கிளியோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய்க் கட்டி. ஆபரேஷன் முடிந்து, இப்போது ரேடியேஷனும் டெமோசோலமைடு என்ற புற்றுநோய் மாத்திரையும் நடக்கிறது. வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுகிறார். மஞ்சளிலிருந்து எடுக்கிற குர்குமின் மாத்திரையும் நித்தியகல்யாணிக் கஷாயமும் கொடுத்தால் கட்டி கரையும் என்கிறார் சித்தப்பா. கொடுக்கலாமா?

பதில்: கஷாயம் வேண்டாம் அம்மா. குர்குமின் மாத்திரையும் வேண்டாம். குழம்புக்கு எப்போதும் போடுகிற மஞ்சளைப் போடுங்கள், அதனால் ஒன்றும் இல்லை.

சித்தப்பா சொல்வது வெறும் கட்டுக்கதை இல்லை. ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த இந்தக் கட்டியின் செல்கள் மேல் குர்குமினை விட்டால் அவை சாகின்றன. எலிகளிலும் கட்டி சிறுத்த ஆய்வுகள் உண்டு. ஆனால் தட்டில் செல் மேல் நேராகப் படுகிற அளவு, வாயால் விழுங்கும்போது மூளைக்குப் போய்ச் சேருவதில்லை. குடல் உறிஞ்சுவதே கொஞ்சம். அதையும் கல்லீரல் சீக்கிரம் மாற்றி வெளியேற்றிவிடும். மிச்சம் மீதியை மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் தடுக்கிறது. இதைச் சாப்பிட்டு நோயாளிகளின் ஆயுள் கூடியதற்கு உறுதியான சான்று இல்லை.

உறிஞ்சுவது போதாது என்றுதான் பல மாத்திரைகளில் மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பொடி எழுத்தில் இருக்கும். என் பயமே அதில்தான். பைப்பரின் ஃபெனிடாயினின் அளவையும் ரத்தத்தில் கூட்டிவிடும். அது மீறினால் தலை சுற்றும், பேச்சு குழறும், நடை தள்ளாடும். கட்டி திரும்ப வளர்கிறதோ என்று வீடே பதறிவிடும்.

நித்தியகல்யாணியிலிருந்து வந்த வின்கிரிஸ்டின் நிஜமான புற்றுநோய் மருந்துதான். ஆலிகோடென்ட்ரோகிளியோமா போன்ற சில மூளைக் கட்டிகளுக்கு வேறு இரண்டு மருந்துகளோடு இன்றும் கொடுக்கிறோம். ஒரு ஊசியில் பெரும்பாலும் 2 மில்லிகிராமைத் தாண்டமாட்டோம். அதற்கே சிலருக்குக் கை கால் மரத்துப்போகும். ஏராளமான இலையிலிருந்து மிகக் கொஞ்சமாகப் பிரித்தெடுத்து, சுத்தம் செய்து, எடை பார்த்துக் கொடுக்கிற மருந்து அது. வீட்டுக் கஷாயத்தில் அந்தச் செடியின் எந்த நஞ்சு எவ்வளவு இறங்கியிருக்கும் என்று அளக்க வழியில்லை. டெமோசோலமைடே வெள்ளணுக்களைக் குறைக்கக்கூடியது. அதன்மேல் இதுவுமா?

ஒருவேளை ஏற்கெனவே கொடுக்க ஆரம்பித்திருந்தால், டாக்டர் திட்டுவாரோ என்று மறைக்காதீர்கள். டப்பாவையே பையில் எடுத்துப்போய்க் காட்டுங்கள். ஃபெனிடாயின் அளவை ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொள்ளலாம். அதுவரை வலிப்பு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். அப்பாவுக்குத் தள்ளாட்டம் இருந்தால் காத்திருக்காமல் இன்றே கூட்டிப்போங்கள்.